கேள்விக்குறி போட்ட கட்டை

சூயெட் காற்று மலையிலிருந்து இறங்கிய இரவில்
ஷெட்டிகாம்ப்பில் ஏழு கூரைகள் பறந்தன.
மறுநாள் மின்வாரியத்து ஆட்கள்
கம்பிமேல் சாய்ந்ததையெல்லாம் துண்டுபோட்டு
என் வாசலில் உருட்டிவிட்டுப் போனார்கள்.
அவர்கள் வேனுக்கு முன்னால்
பனி வாரிக்கொண்டு போகிறவளுக்கு
அதுதான் கூலி.

நவம்பர். ஓர் இலை இல்லை,
மொட்டு இல்லை, கிளை இல்லை.
வெறும் முண்டங்கள்.
பட்டையைத் தடவினேன்.
பிணவறையில் அடையாளம் சொல்ல
அழைக்கப்பட்டவள் மாதிரி
சற்றுத் தள்ளி நின்றும் பார்த்தேன்.

கைத்தடிமன் ஒன்று
அறுத்த இடத்தில் மட்டும்
ஆரஞ்சாகச் சிவந்துகொண்டிருந்தது: ஆல்டர்.
இன்னொன்றின் உள்பட்டையை நகத்தால் கீறினேன்,
மூட்டுவலித் தைலம் மணந்தது.
ஹாக்கி ஆடிவிட்டு வரும் என் மகனின் பை
இப்படித்தான் மணக்கும்: மஞ்சள் பிர்ச்.
மூன்றாவது, லியாண்டர் ஒக்குவான்
தானே தள்ளுவண்டியில் கொண்டுவந்த
ஆப்பிள் மரம். அதில் குழப்பமில்லை.

நான்காவது வாய் திறக்கவில்லை.
முகர்ந்தால், நனைந்த செய்தித்தாள்.
கசிந்ததைத் தொட்டு நாக்கில் வைத்தேன்,
தண்ணீர்.
மிக மெலிதாக ஓர் இனிப்பு,
அல்லது காலைத் தேநீரின் சர்க்கரை.
சுண்ணக்கட்டியால் ஒரு கேள்விக்குறி போட்டு
கொட்டகைக்குள் தள்ளினேன்.

மரம் அறுத்த முகத்தின் வழியேதான்
அவசரமாக உலரும். அங்கே மெழுகு பூச வேண்டும்.
நடுச்சோறு ஒட்டாமல் இரண்டாகப் பிளக்க வேண்டும்.
வெடிப்பு புறப்படுகிற வீடு அது.
தெரிந்தும் ஒரு பிர்ச் துண்டை
அடுப்பங்கரையில் மறந்துவிட்டேன்.
விடியற்காலை மூன்று மணிக்குத்
துப்பாக்கி வெடித்தது.
மகன் ஹாக்கி மட்டையோடு ஓடிவந்தான்.
கட்டை, விளிம்பிலிருந்து விளிம்புவரை,
சிரித்துக்கொண்டிருந்தது.

லியாண்டருக்குச் சனிக்கிழமைக்குள் கிண்ணம் வேண்டும்.
மகள் மிரேய்க்குக் கல்யாணம்.
"அவள் விழுந்து பல்லை உடைத்துக்கொண்ட மரம்."
"இதற்குச் சனிக்கிழமை தெரியாது, லியாண்டர்.
ஆறு மாதம் கொடு."
"கல்யாணம் ஆறு மாதம் நிற்காது."

பச்சையாகவே கடைந்தேன்.
லேத் சுற்றச் சுற்ற
கண்ணாடியில் ஆப்பிள் மழை.
ஈரச் சுருள்கள் முழங்கைவரை ஒட்டின.
வெளிச்சம் ஊடுருவும்வரை
சுவரை மெல்லியதாக்கி நிறுத்தினேன்.
வெடிக்காது. ஆனால் கோணும்.

கோணியது.
வட்டமாகப் போன கிண்ணம்
சனிக்கிழமை முட்டை வடிவில் உட்கார்ந்திருந்தது,
உட்காரவுமில்லை, ஆடியது.
லியாண்டரின் முகம் தொங்கிப்போனது.
மிரேய் விளிம்பை ஒரு விரலால் தட்டினாள்.
ஆடி, ஆடி, நின்றது.
"என் பல்லுக்கு ஜோடி" என்று
பல் தெரியச் சிரித்தாள்.

கேள்விக்குறியை மட்டும் அவசரப்படுத்தவில்லை.
தடித்த கிண்ணமாக முரட்டுக்கடைசல் செய்தேன்.
அடிப்பாகத்தில் பென்சிலால் மீண்டும் அதே குறி.
அதன் சுருள்களையே அதற்குப் போர்த்தி
மளிகைக் காகிதப் பைக்குள் வைத்தேன்.
ஞாயிறுதோறும் சமையலறைத் தராசில்:
1640.
1522.
1431.
நடுவில் இரண்டு ஞாயிறு விட்டுப்போயிற்று, பனிப்புயல்.
1190.
மார்ச்சில் 1049.
அடுத்த வாரம் 1049.
அதற்கும் அடுத்த வாரம், தராசைத் தட்டிப் பார்த்தேன், 1049.
விட வேண்டிய தண்ணீரையெல்லாம் விட்டுவிட்டது.
இனி இறுதிக் கடைசல்.
கூர் தீட்டிய உளிக்கு
பட்டுப்போல இசைந்தது.
"என்ன மரம்?" என்றான் லியாண்டர்.
"ஆயிரத்து நாற்பத்தொன்பது" என்றேன்.

ஜூனில் கடற்கரைச் சாலையில்
குழிகளுக்குத் தார் ஊற்றப் போனபோது
அந்த அடிமரத்தைப் பார்த்தேன்.
வெட்டுப்பட்ட இடத்தைச் சுற்றிப் புதுத் துளிர்கள்,
சிவந்த காம்பு,
ஒவ்வோர் இலையும் மூன்று விரல் விரித்து.
வண்டியை நிறுத்தி இறங்கினேன்.
மேப்பிள்.
தபால் நிலையத்துக் கொடியில் இருப்பது,
என் மகன் சட்டையில் இருப்பது,
இந்த நாட்டில் நடை பழகும் குழந்தைக்கும்
தெரிந்த ஒரே மரம்.

தார்வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தேன், அன்றிரவு.
எண்ணெய் ஏறிவிட்டது.
அந்தக் குறி இனி அழியாது.