ஏழாவது திருத்தம்

ரெகுலா அம்மான் எழுதியிருக்கிறார்.
குடும்பப் பெயர்தான் அம்மான்,
மாமன் முறை ஏதுமில்லை.
பாசல், மருத்துவமனையின் தகவல் பிரிவு.
வணக்கம் சொல்லி, மூடுபனியைப் பற்றி இரண்டு வரி சொல்லி,
மூன்றாம் பத்தியில் விஷயத்துக்கு வருகிறார்:
கைகள் கொஞ்சம் அதிகமாகக் கைகளாக இருக்கின்றன.

நகக்கண் வேண்டாம். ரேகை வேண்டாம்.
விரல் நான்கு போதும்,
இப்போது எல்லாரும் நான்குதான் வரைகிறார்கள்,
கண்ணுக்கு இலகு.
நிறம் யாருடையதாகவும் இருக்கக் கூடாது.

யாருடையதும் அல்லாத நிறத்தை
ஒரு பகல் முழுக்கத் தேடினேன்.
ஊதா வைத்தேன், கத்தரிக்காய்.
நீலம் வைத்தேன்,
புல்லாங்குழல் ஒன்றுதான் குறை.
கடைசியில் குளியலறை ஓடு மாதிரி ஒரு பச்சை.
அம்மானுக்கு அது பிடித்துப்போயிற்று.

கிளைன்ஹூனிங்கனில் பழைய சோப்புக் கிடங்கு,
அதில் ஆறு மேசை, வாடகை ஆறு பங்கு.
உலகத்து வங்கி விளம்பரங்களில் மனிதர்கள்
காரணமில்லாமல் துள்ளிக் குதிக்கிறார்கள் அல்லவா,
அவர்களில் பாதிப் பேர்
என் பக்கத்து மேசை யானிக்கின் பிள்ளைகள்.
அவன் கடைசியாக எப்போது துள்ளினான் என்று
நான் கேட்டதில்லை.
ஆட்டுப்பால் கட்டியின் பெட்டிக்கு
ஒரே ஆட்டைப் பத்து நாளாக வரைகிறாள் மிலேனா.
ஆடு நம்பிக்கை தர வேண்டுமாம்.

என்னுடையது சுவரொட்டி.
கை கழுவும் முறை, ஆறு படி, சொற்கள் கிடையாது.
காத்திருப்போர் அறையில் பதினேழு மொழி,
படம் எல்லாருக்கும் ஒன்று என்கிறார்கள்.

ஐந்தில் எதை எடுத்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.
மோதிரவிரலை.
மோதிரம் இல்லாவிட்டால்
பெயரே இல்லாத விரல், பாவம்,
சண்டைக்கு வராது என்று நினைத்தேன்.
அழிக்கவும் இல்லை. அது இருந்த அடுக்கின்
கண்ணை மட்டும் மூடினேன்.
காகிதம் வெட்டும் கத்தி என்னிடம் எழுதிப்போன தழும்போடு
கோப்புக்குள் இன்னும் இருக்கிறது.

விரல் கோக்கும் மூன்றாம் படியில் நாலும் நாலும் எட்டு.
வாய்ப்பாடு சரியாக வந்தது,
கைதான் வரவில்லை.
ஆறு திருத்தம். பிறகு அச்சு.

நவம்பரில் எனக்கே ஒரு இரத்தப் பரிசோதனை.
எட்டாம் இலக்க ட்ராம், அப்புறம் நடை.
இரண்டாம் மாடிக் கழிவறையில்
கண்ணாடிக்குப் பக்கத்தில் என் ஆறு படி.
பன்னிரண்டு கைகளிலும்
யாரோ ஒரு விரல் கூட்டியிருந்தார்கள்.

பிளாஸ்டிக் உறை மேல் சாதாரணப் பேனா வழுக்கும்.
இது சேலைன் பையில் தேதி எழுதும் கறுப்பு மை.
ஒரு பணிநேரத்தில் முடிகிற வேலை அல்ல,
நாலாம் படியில் மை மாறியிருக்கிறது.
மூன்றாம் படியில் புது விரல்கள்
என் விரல்களுக்கு நடுவே புகுந்து, வளைந்து,
எப்படியோ கோத்துக்கொண்டிருக்கின்றன.
வரையத் தெரியாத கை,
ஆனால் கையைத் தெரிந்த கை.

விரலை ஒட்டிய இடம் சுண்டுவிரலுக்கும் அப்பால்.
நான் சுண்டுவிரல் என்று வரைந்தது
எனக்குச் சொல்லாமலே மோதிரவிரலாகப்
பதவி உயர்ந்திருந்தது.

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்.
அவசரமாகக் கழுவினேன்,
ஊசி குத்திய கையின் பஞ்சு நனைந்தது.

ஒப்பந்தப்படி மூன்று திருத்தம் இலவசம்,
மேற்பட்டால் மணிக்குத் தொண்ணூறு பிராங்க்.
இதை யார் கணக்கில் எழுதுவது?
கோப்பைத் திறந்தேன்.
கண் மூடிய அடுக்கை எழுப்பவில்லை.
அந்தக் கறுப்பு மை சொன்ன இடத்தில்
பன்னிரண்டு விரல் வரைந்து அனுப்பினேன்,
புகைப்படத்தோடு.

பதில் வர ஒன்பது நாள்.
வணக்கம், முதல் பனி, மூன்றாம் பத்தி.
பிப்ரவரியில் மறுபதிப்பு, ஐந்து சரி.
பச்சை மட்டும் அப்படியே இருக்கட்டும்.