தொடர்ச்சிக் குறிப்பு

எந்தக் கையில் தொப்பி இருந்தது என்று
எழுதி வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
சட்டையில் எத்தனை பொத்தான் திறந்திருந்தது,
விஸ்கி என்று ஊற்றிய ஆறிப்போன தேநீர்
கோப்பையில் எத்தனை விரற்கடை மிச்சம்,
நிழல் எந்தப் பக்கம் விழுந்தது.
முன் ஷாட்டும் பின் ஷாட்டும் ஒட்டாவிட்டால்
வீட்டில் பார்ப்பவன் விழித்துக்கொள்வான்.

சாட்ஸ்வொர்த் பாறைகள். ஐம்பத்தெட்டு, ஆகஸ்ட்.
வாரத்துக்கு ஒரு கெட்டவன் வருவான்.
புதன்கிழமை கொள்ளையடித்து
வெள்ளிக்கிழமை சாவான்,
முகம் லட்சணமாக இருந்தால் திருந்துவான்.
திருந்த நான்கு பக்கம் ஒதுக்குவார்கள்,
நடுவில் சோப்புத்தூள் விளம்பரம்.

அந்த வாரத்தவன் பெயர் ஆம்ப்ரோஸ் தாரோ.
வங்கியில் துப்பாக்கி நீட்டுமுன்
கணக்குப்பிள்ளையின் மூக்குக்கண்ணாடியைத்
துடைத்து மாட்டிவிடுவான்.
பறிகொடுத்தவர்களே அவனுக்குக்
கொல்லைக் கதவைத் திறந்துவிடுவார்கள்.
நடித்தவர் வெர்னல் ஸ்டோக்ஸ்.
வாய் ஒரு பக்கம் மட்டும் ஏறும் அந்தச் சிரிப்புக்கு
என் குறிப்பேட்டில் ஓரெழுத்து: சி.
பக்கத்துக்குப் பதினொரு சி.

கதை இவ்வளவுதான்.
கிணறு வெட்டுகிறவர்களின் கூலிப்பெட்டியோடு
கணவாயைப் பார்த்துப் போகிறான்.
வழியில் கிணறு சரிந்து கிடக்கிறது.
உள்ளே ஒருவன். மேலே யாருமில்லை.
பெட்டியை வைக்கிறான், கயிற்றைப் பிடிக்கிறான்.
ஷெரிஃப் வரும்போது
இரண்டு கையும் கயிற்றில், துப்பாக்கி இடுப்பில்.

மறுமுனையில் மணல்மூட்டை கட்டுவது வழக்கம்.
அன்றைக்கு மூட்டை கிழிந்துவிட்டது.
சண்டைக்காட்சிக்காரர் ஹோபர்ட் வெசெலி,
நூற்றுத் தொண்ணூறு பவுண்டு,
“நானே தொங்குகிறேன், மதியச் சாப்பாட்டுக்கு நேரமாச்சு”
என்று குழிக்குள் இறங்கிவிட்டார்.

டேக் ஒன்று: சி.
டேக் இரண்டு: சி, வியர்வை நிஜம்.
டேக் மூன்று: மேலே விமானம், வெட்டு.
நான்காவதில் உருளையின் அச்சு முறிந்தது.

கயிறு ஒரு முழம் ஓடியது
உள்ளங்கைகளுக்குள்.
நின்றது.
இயக்குநர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.
கேமரா ஓடிக்கொண்டிருந்தது.
ஒன்றும் தெரியாத ஷெரிஃப் பாறையைச் சுற்றி வந்து
தன் வசனத்தைச் சொன்னார்:
“கையைத் தூக்கு, தாரோ.”
அதற்கு எழுதிக் கொடுத்த பதில் ஒன்று உண்டு,
வேடிக்கையானது, இரண்டு நாளாக
எல்லோரும் சொல்லிச் சிரித்தது.
ஸ்டோக்ஸ் அதைச் சொல்லவில்லை.
“கீழே ஆள் இருக்கிறான்” என்றார்.

ஷெரிஃப் துப்பாக்கியை மண்ணில் போட்டுவிட்டுக்
கயிற்றின் வாலைப் பிடித்தார்.
அதுவும் எழுதியதில் இல்லை.

கறுப்பு வெள்ளையில் ரத்தம் என்றால்
எங்களுக்குச் சாக்லேட் பாகு. ஈ மொய்க்கும்.
ஒப்பனைக்காரர் பாகுப்புட்டியோடு ஓடிவந்தவர்
பாதி வழியில் நின்றுவிட்டார்.
வெசெலி மேலே வந்து மண்ணைத் துப்பினார்,
சிகரெட் கேட்டார்.
பற்றவைத்துத் தர ஸ்டோக்ஸால் முடியவில்லை.

நான் எழுதினேன்:
டேக் நான்கு. சி இல்லை.
முகம் முந்தைய எதோடும் ஒட்டவில்லை.

படத்தொகுப்பு அறையிலிருந்து போன் வந்தது.
“வேறு யாரோ மாதிரி இருக்கிறாரே, எதை வைக்க?”
பதினொரு வருஷமாக அந்தக் கேள்விக்கு
எனக்கு ஒரே பதில்தான்.
கொஞ்ச நேரம் பென்சிலைச் சீவினேன்.
“ஒட்டாததை வை” என்றேன்.

அடுத்த வாரம் அவர் வேறொரு தொடரில்
சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறவராம்.
அங்கே குறிப்பெடுக்கும் டோர்த்தி கூப்பிட்டாள்:
“கையுறையைக் கழற்றவே மாட்டேன் என்கிறார்.
சிரிப்பு இருக்கிறது, ஆனால்
அரை நொடி தாமதமாக வருகிறது.
எந்தக் காட்சியிலிருந்து வருகிறது இதெல்லாம்,
என் தாளில் இல்லையே?”

“முந்தைய காட்சியிலிருந்து” என்றேன்.