கூட்டக் குறிப்பு

லெராக் தோட்டத்துப் பாலம் யாருடையது என்று
எட்டரைக்குக் கேட்டார்கள்.
பதினொன்றேகால் ஆகிவிட்டது.
பேனா மாற்றிவிட்டேன்.

அக்கரை மாவட்ட மன்றம் தன் பாதிக்குப் பச்சை அடித்தது.
எங்கள் மன்றம் சாம்பல்.
நடுவில் ஒரு சாண்
யாரும் தூரிகை வைக்காத இடம்.
துரு அங்கே பிறந்து
இரண்டு பக்கமும் சரிசமமாகப் பரவியிருக்கிறது என்கிறார்
பொறியாளர் ஹஸ்னிடா.
அதை மட்டும் ஒருவரும் மறுக்கவில்லை.

பால்மரக் காலத்தில் தோட்டம் போட்ட பாலம்,
ஷீட்டு லோரிக்கு அளந்த அகலம்.
இப்போது செம்பனைக் குலை போகிறது,
கையுறை ஆலை பஸ் போகிறது,
என் மோட்டார் போகிறது.
மூன்று கை மாறிய கம்பெனி
கடிதத்தில் ஒரே வரி எழுதியிருக்கிறது:
மரங்களை வாங்கினோம், ஆற்றை அல்ல.

இக்கரைப் பலகையில் ஐந்து டன்.
அக்கரைப் பலகையில் மூன்று.
மீதி இரண்டை நடுவில் எங்கே இறக்குவது என்று
லோரிக்காரர் சடகோபன் கேட்டதை
'கேள்வி எழுப்பப்பட்டது' என்று எழுதினேன்.

உடைக்கலாம் என்றார் ஒருவர்.
சுற்றிப் போனால் முப்பத்தெட்டு கிலோமீட்டர்.
பக்கத்திலேயே புதிது கட்டலாம் என்றார் இன்னொருவர்.
யார் பக்கத்தில் என்றதும் தேநீர் வந்தது.
பாலத்து முனையில் டயர் கடை வைத்திருக்கும் இங்கர்சாலுக்கு
எதுவும் வேண்டாம்:
உடைத்தாலும் பிழைப்பு போச்சு,
பள்ளத்தை மூடினாலும் போச்சு.

மத்தியானம் போய் நாடா பிடித்தார்கள்.
ஆறு நகர்ந்திருக்கிறது.
எல்லை ஆற்றின் நடு என்றால்
எங்களுக்குப் பதினோரு அடி கூடுதல்.
சுடுகாட்டு வேலிக்காக ஏழு வருஷம் வழக்காடிய எங்கள் தலைவர்
"அவர்களே வைத்துக்கொள்ளட்டும்" என்றார்.
அவர் இத்தனை தாராளமாகப் பேசி
நான் குறிப்பெழுதியதில்லை.

ஒத்திவைக்கப்பட்டது.

ஆறு மணி. மழை.
பின்சீட்டில் கேஸ் தோம்பைக் கட்டிக்கொண்டு ஏறுகிறேன்;
என் வீடு பச்சைப் பக்கம்.
எதிரே ஒரு வெற்று லோரி
பாதிக்கு வந்துவிட்டது.
இந்தப் பாலத்தில் சுமையோடு வருபவருக்கே முதல் வழி.
யார் போட்ட சட்டமோ, எங்கள் கோப்பில் இல்லை,
அவர்கள் கோப்பிலும் இருக்காது.
விளக்கை ஒருமுறை அணைத்து ஏற்றிவிட்டு
அந்த ஆள் அவ்வளவு தூரமும்
பின்னாலேயே போகிறான்.
தகடுகள் கடகடக்கின்றன,
அவன் சக்கரத்தடியிலும்
என் சக்கரத்தடியிலும்.