டி ஏழாம் குழி

பரந்தன் பள்ளிக்கூட மண்டபத்தில்
ஞாயிறு முழுக்க எடுத்தது நாற்பத்திரண்டு பை.
இரண்டு பேர் மயங்கினார்கள்.
ஒருவர் நெக்டோ இரண்டாம் தரமும் கேட்டார்.

திங்கள் இரவு கரண்ட் வெட்டியது.
ஜெனரேட்டர் பிடிக்கும் வரைக்கும்
குளிர்பெட்டிக் கதவில் கை வைத்து நின்றேன்,
நான் நின்றால் குளிரும் நிற்குமென்பதுபோல.

தட்டில் தொண்ணூற்றாறு குழி.
ஓர் எறும்பு நீந்தலாம் ஒவ்வொன்றிலும், அவ்வளவுதான்.
கடைசி அமிலம் விட்டதும்
மஞ்சளாக வேண்டிய சோதனைக் குழிகளோடு
டி ஏழும் மஞ்சளாயிற்று:
வைகாசியில் காட்டோரம் விற்கிற பாலைப்பழ மஞ்சள்.
திரும்பச் செய்தேன், இரண்டு குழியில்.
இரண்டும் பாலைப்பழம்.

ஹெபடைட்டிஸ் பி.
பதிவேட்டைத் திறக்கும் வரை அது ஓர் எண்.
பிறகு தவயோகன், டிராக்டர் ஓட்டுகிறவர்,
முன்கையில் பழைய தையல்,
அதற்கு மேலேதான் நரம்பு அகப்பட்டது.
கண் வெள்ளையாகத்தான் இருந்தது,
செங்கண்மாரி என்று ஆர் சொல்லுவார்?

'முன்னர் குருதி ஏற்றப்பட்டதா?'
இல்லை என்ற பெட்டியில் புள்ளடி.
ஆனால் கையை நீட்டிக்கொண்டு சொன்னாரே:
'ஆரோ ஒரு பெடியன், பேர் தெரியாது,
பக்கத்தில படுத்துத் தந்தவன் மிஸ்.
அந்தக் கடனுக்குத்தான் வந்தனான்.'
நான் ஊசிமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
'ஓம்' என்றும் சொன்னேன்.

ஏற்றப்பட்டதா என்பது படிவத்தின் தமிழ்.
அவருக்குத் தந்தார்கள்.

அந்தப் பெடியனா, பெற்ற தாயா,
சலூன் கத்தியா,
மஞ்சளுக்குத் தெரியாது. எனக்கும்.

பையைத் தூக்கினேன்.
சிவப்பில் ஒரு குறையும் இல்லை.
மற்றப் பைகளைப் போலவே கனத்தது
நீராவிப் பானைக்குள் வைக்கும்போது.

பிரசவ விடுதியிலிருந்து அழைப்பு,
இரண்டு பை, உடனே.
மிச்சம் நாற்பத்தொன்றில் எடுத்துக் கொடுத்தேன்,
பச்சை ஒட்டு ஒட்டியவை.
கிருமி புகுந்தும் குழி நிறம் மாறாத
சில கிழமைகள் உண்டு.
ஒவ்வொரு பச்சை ஒட்டுக்கும் அடியில் அவை இருக்கின்றன.
அதை ஓடி வந்த சிற்றூழியரிடம்
நான் சொல்வதில்லை.

விடிந்து எட்டு மணிக்கு அவருக்கு எடுத்தேன்.
காரணத்தைப் போனில் சொல்லக்கூடாது.
'ஒருக்கா கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு வந்திட்டுப் போங்கோ.'
பின்னால் எஞ்சின் இரைச்சல்,
அவர் அதை நிறுத்தவில்லை, கத்தினார்:

'ஏன் மிஸ், ரத்தம் காணாதோ?
வேணுமெண்டா இண்டைக்கே
இன்னொருக்காத் தாறன்.'