வடிகட்டிய பின்

செப்டம்பர். வால்டிவியாவில் நாலாவது நாளாக மழை.
ஹுவாயே மரக்கிளையில்
ஆரஞ்சுக் கோலிக்குண்டாய் ஒட்டியிருந்த காளான்
இப்போது என் திரையில்
நான்கே எழுத்துகளாக ஓடுகிறது,
மூச்சு விடாமல்.

நிபால்டோ வடிகட்டியைத் தட்டிவிட்டான்.
மரத்தினுடையது, நீக்கு.
ஈஸ்ட், நீக்கு.
பெயர் வைக்காத ஏதோ ஒரு வண்டு,
அதையும்.
மனிதர்: புள்ளி நான்கு சதவீதம்.

கையுறை போடச் சொல்லித்தான் அனுப்பினோம்.
எல்விரா கல்ஃபுகேயோ
அதைச் சுருட்டிப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டாள்.
"அமுக்கிப் பார்க்காமல்
முற்றினதா இல்லையா என்று எப்படித் தெரியும்?"
பாசி வழுக்கும் கிளையில் ஒரு கால்,
காற்றில் ஒரு கால்.
கட்டைவிரல் முழுக்கப் பிசின்.

அவளைத் திறந்து கொஞ்சமாவது படித்திருக்கலாம்:
அவள் ஆட்கள் எந்த வழி வந்தார்கள்,
எந்த நோய் எங்கே காத்திருக்கிறது.
அனுமதி காளானுக்கு மட்டும்தான் வாங்கியிருந்தோம்.
காளானிடம் கேட்டு அல்ல.

அழித்தேன்.
இரண்டு நொடிகூட ஆகவில்லை.
கோப்பு சுத்தமானது. இனி அதற்குக் காளான் என்று பெயர்.

பையில் மிச்சமிருந்ததை
இரவு இரண்டு மணிக்கு நறுக்கினோம்.
வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை.
வண்டோடு, மரத்தோடு, அந்தக் கட்டைவிரலோடு
வழுவழுவென்று இறங்கியது.
ருசி என்று பெரிதாக ஒன்றுமில்லை.
நிபால்டோவுக்கு உப்பு போதவில்லை.