நாலு நிமிஷம்

கேப்பர் மலைச் சரிவில்
முந்திரி வெட்டி மனை போட்ட எங்கள் நகருக்கு
இன்னும் தெருப்பெயர் வரவில்லை.
மஞ்சள் கல், எண் அறுபத்தெட்டு.
அதுதான் என் முகவரி.
டவுன் பஸ் கூத்தப்பாக்கத்தோடு திரும்பிவிடும்.
ஆட்டோ கேட்கும் காசுக்கு
விழுப்புரத்துக்கு நாலு நாள் ரயிலில் போய் வரலாம்.

அதனால் அந்த வேன்.
இரவே போனில் பதிந்துவைத்தால்
விடிவதற்குள் வரைபடத்தில் ஒரு புள்ளி
எறும்புபோலக் கிளம்பும்.
அதற்கென்று தடம் கிடையாது.
யார் யார் எழுந்தார்களோ அவர்கள் வாசலைத் தொட்டு
அன்றன்றைக்கு ஒரு கோடு.
திங்கட்கிழமை வழி செவ்வாய்க்கிழமை இல்லை.
முடியும் இடம் மட்டும் மாறாது:
திருப்பாப்புலியூர் ஸ்டேஷன், ஆறு இருபது பாசஞ்சர்.

ஓட்டுகிறவர் தேசிங்கு.
பெயரில்தான் குதிரை,
வண்டியை மாடுபோல நடத்துவார்.
பின்சீட்டில் ரெஜினா டீச்சர்
திருத்தாத கணக்கு நோட்டுகளோடு.
நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குப் போகும் பாவாடை.
ஏறியதும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துவிடும்
நர்சிங் பிள்ளைகள் இருவர்.
நான் ரத்தம் எடுக்கிறவள்.
எட்டு மணிக்கு விழுப்புரத்தில்
வெறும் வயிற்றோடு வரிசை காத்திருக்கும்.

ஐப்பசி, புதன்கிழமை, விடாத மழை.
பாதி வழியில் எல்லார் போனும்
ஒன்றாகச் சிணுங்கின.
*வழியில் இன்னொருவர்.
நான்கு நிமிடம் தாமதமாகும். சம்மதமா?*
ஆம். இல்லை.
இரண்டு பொத்தானும் ஒரே அளவு.

லாரன்ஸ் ரோடு சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்குமே,
வரிசையில் சர்க்கரைக்காரர்கள் மயங்குவார்களே
என்று நினைத்ததாக இப்போது சொல்கிறேன்.
அப்போது ஒன்றும் நினைக்கவில்லை.
கொட்டாவியோடு கொட்டாவியாக
இல்லை என்பதைத் தொட்டேன்.
ஒருவர் மறுத்தாலே போதுமாம்.
திரையில் வளைந்திருந்த கோடு
நிமிர்ந்து படுத்தது.

தண்ணீர்த் தொட்டி தாண்டும்போது
காலி மனைகளுக்கு அந்தப் பக்கம்
ஒரு டார்ச் வெளிச்சம் மேலும் கீழும் ஆடியது.
தேசிங்கு பார்த்தார்.
வைப்பர் ஒருமுறை துடைத்தது.
அம்புக்குறி நேரே என்றது.
நேரேதான் போனார்.

அன்றைக்கு ரயில்
பதினோரு நிமிஷம் லேட்.

மறுநாள் புதிதாக ஏறியவர்
என் பக்கத்தில் உட்கார்ந்தார்.
கோதண்டபாணி,
பண்ருட்டி முந்திரி மண்டியில் கணக்கு எழுதுகிறவர்.
ஈரக்குடையை மடித்து
என் செருப்பில் சொட்டாதபடி
தன் காலுக்குள் இழுத்துக்கொண்டார்.
"நேத்து சீட் இல்லன்னு வந்துதும்மா.
மழையில்ல, கூட்டம்போல."

அவர் உட்கார்ந்த சீட்டும்
அதற்குப் பின்னால் இரண்டும்
நேற்று காலியாக வந்தன.
ரெஜினா டீச்சர்
ஒரே கூட்டலை மறுபடி மறுபடி சரிபார்த்தார்.
பாவாடை ஜன்னலைத் துடைத்தார்,
உள்ளே ஈரமே இல்லாத ஜன்னலை.
தூங்குகிற பிள்ளைகள்கூட
கண்ணை இறுக்கித் தூங்கினார்கள்.
எனக்கு அப்போதுதான் உறைத்தது:
நான் ஒருத்திதானா தொட்டேன்?

"ஆமா சார், கூட்டந்தான்"
என்றார் தேசிங்கு,
கண்ணாடியைப் பார்க்காமல்.

இப்போதெல்லாம் போன் சிணுங்கினால்
முழுதாகப் படிப்பதற்குள் ஐந்து கட்டைவிரல்கள் இறங்கிவிடும்.
ஆம். ஆம்.
கோதண்டபாணி இரவில் பதிய மறக்கும் ஆள்.
வாரத்தில் இரண்டு நாள்
காலி மனைகளைச் சுற்றிக்கொண்டு போகிறோம்.

மார்கழியில் ஒருநாள் ரயிலை விட்டோம்.
நடைமேடை நுனியில் நின்றபடி
கடைசிப் பெட்டியின் மஞ்சள் பெருக்கல் குறி
பனிக்குள் சிறுத்துப்போவதைப் பார்த்தோம்.
"என்னாலதான், எல்லாருக்கும் என்னாலதான்"
என்று தவித்துப்போனார் மனிதர்.
தடுக்கத் தடுக்க
தேசிங்கையும் கூட்டி ஏழு டீ சொன்னார்,
நனைந்த நோட்டை விரித்துத் தானே காசு கொடுத்தார்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
குடித்தோம்.