மிளகுசாமிக்குக் கால்கள்

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில்
மேட்டுப்பாளையம் வண்டி முக்கால் மணி தாமதம்.
பார்சல் நனையக் கூடாதென்று
போஜன் தன் மங்கி குல்லாவைக் கழற்றி
அதற்கு மாட்டிக் கொண்டுவந்தான்.
நாங்கள் நான்கு பேர். எல்லோருக்கும் நாற்பது தாண்டிவிட்டது.
கிளீனர் பையன் சிரித்தான்.

முதல் பக்கத்திலேயே
மிளகுசாமி நடந்து வருகிறான்.

கால்கள்.
முழுசாக இரண்டு. போதாததற்கு ஷூ, லேஸ் வேறு.

ஞாயிறு பத்தரை மணிக்கு,
மேகம் ஆன்டெனாவில் உட்காராத வாரங்களில்,
மேஜைக்குப் பின்னாலிருந்து இடுப்புவரை எழும்புவான்.
அதற்குக் கீழே என்ன என்று
நாங்கள் கேட்டதே இல்லை.

"குரல் எங்க?" என்றாள் ஜெசிந்தா.
சளி பிடித்த அந்தக் குரலை
எந்த பலூனில் அடைப்பது?
"வாய் மூடியிருக்குது பாரு" என்றான் போஜன்.
"அவன் வாய மூடி யாரு பாத்தா?"
திட்டி ஒரு கடிதம் எழுதுவதென்று முடிவானது.
டீ ஆறியது. வர்க்கி தீர்ந்தது.

பத்தொன்பதாம் பக்கத்தில்
இடது காதுக்கடியில் ஒரு தையல்.
பச்சை நூல்.
பட்டாசு எபிசோடில் பிய்ந்த காதை
அவசரமாகத் தைத்திருந்தார்கள்.
ஒரே வாரம்தான். அப்புறம் கறுப்பு நூல்.

யாரும் பேசவில்லை.
வரைந்த ஆளும் எங்கோ ஒரு கூரைமேல்
ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டு நின்றிருக்கிறார்.

கடிதத்தில் ஷூவை மட்டும் வைத்துக்கொண்டோம்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்
முதல் பக்கத்தைத் திறந்து
கால்களைக் கட்டைவிரலால் மறைத்தேன்.
வளைவில் வண்டி குலுங்க,
விரலுக்கு மேலே அவன்
லேசாகத் தலையாட்டினான்.